பீங்கான் ஃபியூஸ் கட்டைகளும் எம்.சி.பி. பெட்டிகளும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் மழைக்கால மின் பாதுகாப்பைப் பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, ஒரே பொருளைப் பற்றியே இருந்தன. வீட்டில் உள்ள பழைய ஃபியூஸ் போர்டை எடுத்துவிட்டு எம்.சி.பி. (பளு மிகும்போது தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பெட்டி வைப்பது அவசியமா, வைத்தால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடுமா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி (காரைக்குடியிலிருந்து ஒரு வாசகி): எங்கள் தாத்தா கட்டிய வீட்டில் 1960-களில் செய்த வயரிங் இன்னும் அப்படியே இருக்கிறது. தேக்குச் சட்டத்தின் மேல் ஓடும் வயர்கள், இரும்புப் பெட்டியில் மெயின் சுவிட்ச், மரப்பலகையில் வரிசையாக ஆறு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். சென்ற ஆண்டு குளியலறையில் 2 கிலோவாட் கீசர் வைத்தோம். அதன்பின் வாரத்துக்கு இருமுறை ஃபியூஸ் போயிற்று. தெரிந்தவர் ஒருவர் வந்து, தடித்த கம்பியை மூன்று இழையாக முறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. என் மாப்பிள்ளை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எம்.சி.பி. போடச் சொல்கிறார். என் அண்ணனோ, அறுபது ஆண்டு உழைத்த ஃபியூஸை ஏன் மாற்ற வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அம்மா, முதலில் ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். இன்றிலிருந்து கீசரைப் போடாதீர்கள். உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து, அந்த மூன்று இழைக் கம்பியை இன்றே எடுக்கச் சொல்லுங்கள். அதன்பின் ஃபியூஸ் போகவே இல்லை என்று நீங்கள் நிம்மதியோடு எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அச்சப்படுத்தியது அந்த வரிதான்.

காரணத்தைச் சொல்கிறேன். வயரில் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். சுவரிலும் கூரையடியிலும் ஓடும் வயர் இப்படிச் சூடேறுவது நம் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான், வழியில் ஓர் இடத்தில் மட்டும் வேண்டுமென்றே மெல்லிய கம்பியை வைத்து, மற்ற வயர்கள் கெடும் முன்பே அது உருகி மின்சாரத்தைத் துண்டிக்கும்படி செய்தார்கள். இதுதான் ஃபியூஸ். அமெரிக்காவில் எடிசன் இதற்கு 1890-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். தத்துவம் இன்றும் பழுதில்லாதது. சரியான கம்பியைக் கட்டிய ஃபியூஸில் பழுதாவதற்கு ஸ்பிரிங்கும் இல்லை, அசையும் உறுப்பும் இல்லை. உங்கள் அண்ணன் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் அந்தக் கட்டையின் பாதுகாப்பு முழுவதும், அதில் கடைசியாகக் கம்பி கட்டிய கையைப் பொறுத்தது. தகரம் பூசிய செம்புக் கம்பியாக இருந்தால், 5 ஆம்பியருக்கு 0.20 மி.மீ., 10 ஆம்பியருக்கு 0.35 மி.மீ., 15 ஆம்பியருக்கு 0.50 மி.மீ. விட்டமுள்ளதைக் கட்ட வேண்டும் என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் அளவு. ஒரு தலைமுடிக்கும் மெல்லிய நூலுக்கும் உள்ள வித்தியாசம்தான் இவற்றுக்கிடையே இருக்கிறது. இரவில் விளக்கணைந்த வீட்டில், டார்ச் வெளிச்சத்தில், நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு அதைப் பிரித்தறிவது எளிதன்று. கையில் கிடைத்த வயரின் ஓர் இழையை உரித்துக் கட்டுவதே வழக்கமாகிவிட்டது.

உங்கள் வீட்டுக் கணக்கையே பார்ப்போம். 2 கிலோவாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கும். குளியலறை விளக்குச் சுற்றில் அதை இணைத்திருந்தால், அங்கே இருந்தது பெரும்பாலும் 5 ஆம்பியர் ஃபியூஸாக இருக்கும். கையால் கம்பி கட்டும் ஃபியூஸ், குறித்த அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு மின்னோட்டம் வந்தால்தான் உருகும். அதாவது 5 ஆம்பியர் கம்பி உருக 10 ஆம்பியர் வேண்டும். கீசரோடு விளக்கும் விசிறியும் சேரும்போது அந்த எல்லை வந்துவிடுகிறது. ஆகவே வாரம் இருமுறை போன அந்த ஃபியூஸ் உங்களுக்குத் தொல்லை தரவில்லை. இந்தச் சுற்று கீசரைத் தாங்காது என்று சரியாகவே எச்சரித்தது. அந்தக் காலத்து விளக்குச் சுற்றுகளில் பெரும்பாலும் 1/18 என்று பழைய வயர்மேன்கள் சொல்லும் வயரையே இழுத்திருப்பார்கள்; அதன் குறுக்குப் பரப்பு 1.2 சதுர மி.மீ. அளவுதான். இப்போது கட்டியிருக்கும் மூன்று இழைகள் உருகும் முன்பே அந்த வயர் எரிந்துவிடும். எது யாரைக் காக்க வேண்டுமோ அது தலைகீழாகிவிட்டது.

எம்.சி.பி. இந்த இடத்தில்தான் உயர்ந்தது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் ஹூகோ ஸ்டோட்ஸின் நிறுவனம் 1924-இல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்று நம் வீடுகளில் உள்ள எம்.சி.பி.யின் முன்னோடி. அதற்குள் இரண்டு காவலர்கள் உண்டு. ஒன்று, இரு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை. பளு கூடுதலாகி மெல்லச் சூடேறும்போது அது வளைந்து சுவிட்சைத் தள்ளிவிடும். மற்றொன்று கம்பிச்சுருள், ஷார்ட் சர்க்யூட் ஆகி மின்னோட்டம் திடீரென்று பாயும்போது அது காந்தமாகி, கண் இமைக்கும் நேரத்துக்குள் துண்டித்துவிடும். 10 ஆம்பியர் எம்.சி.பி., 11.3 ஆம்பியரை ஒரு மணி நேரம் வரை விழாமல் தாங்க வேண்டும், 14.5 ஆம்பியர் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தே ஆக வேண்டும் என்பது அதற்கான தரவிதி. பழைய கட்டையில் இரண்டு மடங்காக இருந்த எல்லை இங்கே 1.45 மடங்காகக் குறைகிறது. அதைவிடப் பெரிய நன்மை, அதற்குள் யாரும் தடித்த கம்பியைச் செருக முடியாது என்பது.

இன்னொரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். பெரிய ஷார்ட் சர்க்யூட்டில் சில ஆயிரம் ஆம்பியர் வரை பாயக்கூடும். அப்போது பீங்கான் கட்டைக்குள் கம்பி உருகுவதோடு நிற்பதில்லை. வெடித்து ஆவியாகி, தீப்பொறியாகச் சிதறுகிறது. உங்கள் மரப்பலகையில் கட்டைகளைச் சுற்றிக் கறுத்திருந்தால் அது அந்தச் சிதறலின் தடமாக இருக்கலாம். எம்.சி.பி.யில் அந்தத் தீப்பொறியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குளிர்விக்க உலோகத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். தரமானவற்றின் முகப்பில் கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று பொறித்திருப்பது, அத்தனை ஆம்பியர் வரை அது பத்திரமாகத் துண்டிக்கும் என்பதற்கான உறுதி.

உங்கள் பலகையில் ஆறு கட்டைகளில் மூன்று, நியூட்ரல் (மின்சாரம் திரும்பிச் செல்லும் வயர்) வழியில் இருக்கின்றனவா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் ஃபேஸுக்கு (மின்சாரம் வரும் வயர்) ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என்று இரண்டிலும் ஃபியூஸ் வைத்திருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் உருகினால் விளக்கு அணைந்துவிடும், விசிறி நின்றுவிடும். ஆனால் ஃபேஸ் வயரில் 230 வோல்ட் அப்படியே இருக்கும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பவரின் கதி என்னவாகும்? இந்தக் காரணத்தால்தான் 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே, தரையோடு இணைத்த நியூட்ரலில் ஃபியூஸ் வைக்கக் கூடாது என்று தடுத்தன.

இனி மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. பெட்டியை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேக்குச் சட்டத்தில் ஓடும் அந்தக் காலத்து வயர், பருத்தி நூல் பின்னிய ரப்பர் உறையுள்ளதாக இருக்கலாம். அறுபது ஆண்டில் அந்த ரப்பர் காய்ந்து, தொட்டால் உதிரும் நிலைக்கு வந்திருக்கும். அதன் அடியில் இருப்பதோ எண்ணெய் ஏறிய மரம். வயர் உறையின் காப்பை அளக்கும் மெகர் கருவியால் 500 வோல்ட்டில் சோதித்து, வயருக்கும் தரைக்கும் இடையே உள்ள காப்புத் தடை 1 மெகா ஓமுக்குக் கீழே இருந்தால், முழு வீட்டுக்கும் புதிய வயர் இழுப்பதே சரி. ஒரேயடியாகச் செய்ய இயலாவிட்டால், கீசருக்கு மட்டுமாவது பெட்டியிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. செம்பு வயரும் எர்த் வயரும் தனியாக இழுத்து, 16 ஆம்பியர் எம்.சி.பி. வைத்து, அதன்பின் கீசரைப் போடுங்கள். அழகான அந்தத் தேக்குச் சட்டங்களைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. வயரை மாற்றிவிட்டு அவற்றைச் சுவரிலேயே விட்டுவைக்கலாம்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஃபியூஸ்களை எடுத்துவிட்டு நல்ல நிறுவனத்தின் எம்.சி.பி.கள் வைத்துவிட்டோம். எர்த் பைப்பும் போட்டிருக்கிறோம். ஆனாலும் போன வாரம் வாஷிங் மெஷினைத் தொட்ட என் தாயாருக்குக் கடுமையான ஷாக் அடித்தது. எம்.சி.பி. விழவே இல்லை. அது பழுதானதா?

பதில்: தாயார் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். உங்கள் எம்.சி.பி. பழுதானதாக எனக்குத் தோன்றவில்லை. அதன் வேலை அதுவன்று என்பதே உண்மை. இந்த உண்மை போதிய அளவு பரவாததால் உயிர்கள் போகின்றன. ஆகவே இதைச் சற்று நிதானமாக விளக்க விரும்புகிறேன்.

ஃபியூஸும் எம்.சி.பி.யும் காப்பது வயரை. மனித உடலைக் காக்க அவை படைக்கப்படவில்லை. ஈரக் கையும் வெறுங்காலுமாக நிற்பவரின் உடல் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று கொண்டால், 230 வோல்ட்டில் அவர் வழியே பாய்வது 0.23 ஆம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதுமானதற்கும் மேல். ஆனால் 16 ஆம்பியர் எம்.சி.பி.யின் கணக்கில் இது ஒரு சிறிய விளக்கு எரிவதைப் போன்றது. ஒரு மனிதர் துடித்துக்கொண்டிருப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

எர்த் பைப் இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது இருப்பது மிகவும் நல்லது; ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மெஷினுக்குள் ஃபேஸ் வயர் தேய்ந்து உலோக உடலைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் எர்த் வயர் வழியாக உங்கள் பைப்பில் இறங்கி, மண் வழியாக டிரான்ஸ்ஃபார்மரின் எர்த் வரை போய்த் திரும்ப வேண்டும். மண்ணின் வழியில் மொத்தத் தடை 10 ஓம் என்று கொண்டால், பாய்வது 23 ஆம்பியர்தான். பழைய 15 ஆம்பியர் ஃபியூஸ் உருக ஏறத்தாழ 30 ஆம்பியர் வேண்டும். உங்கள் 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு மணி நேரத்துக்குள் விழ 23.2 ஆம்பியர் வேண்டும். இரண்டும் வாளாவிருக்க, மெஷினின் உடல் மட்டும் மின்னழுத்தத்தோடு நின்றுகொண்டிருக்கும். கோடையில் மண் காய்ந்தால் தடை இன்னும் ஏறும். பாயும் மின்னோட்டம் இன்னும் குறையும். நீரூற்றாத எர்த் குழியுள்ள வீடுகளின் நிலையை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இந்த இடைவெளியை அடைப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. ஃபேஸ் வழியாகப் போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியாகத் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றே அதன் கணக்கு. இரண்டு வயர்களும் ஒரே காந்த வளையத்துக்குள் செல்கின்றன. சமமாக இருக்கும்வரை வளையத்தில் எதுவும் நிகழாது. ஒரு சிறு பங்கு மனித உடல் வழியாகவோ சுவரின் ஈரம் வழியாகவோ தரைக்குப் போய்விட்டால், திரும்புவது குறைகிறது. அந்தக் குறைவை வளையம் உணர்ந்து சுவிட்சைத் தள்ளிவிடுகிறது. வீடுகளுக்கு வைக்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. அதன் முகப்பில் 0.03 ஆம்பியர் என்றும் எழுதியிருக்கலாம். அந்த அளவு கசிவு வந்தால் 300 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். ஐந்து மடங்கு கசிவானால் 40 மில்லி விநாடிக்குள் விழ வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளும் வீட்டு இணைப்புகளுக்கான கசிவுக் காப்பின் எல்லையை 30 மில்லி ஆம்பியராகவே வகுத்திருக்கின்றன. கடைக்காரர் 100 அல்லது 300 மில்லி ஆம்பியர் கருவியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அவை உயிர்காப்புக்கானவை அல்ல.

இரண்டு எல்லைகளையும் நினைவில் வையுங்கள். ஒருவர் ஒரு கையில் ஃபேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்துக்கொண்டு, தரையோடு தொடர்பின்றி நின்றால், ஆர்.சி.சி.பி.க்கு அவர் ஒரு விளக்காகவே தெரிவார். மேலும், அது கூடுதல் பளுவையோ ஷார்ட் சர்க்யூட்டையோ கவனிப்பதில்லை; ஆகவே அதை வைத்தால் எம்.சி.பி.யை எடுத்துவிடலாம் என்று எண்ணக் கூடாது. இரண்டும் சேர்ந்ததாகவே ஆர்.சி.பி.ஓ. என்று ஒன்று கிடைக்கிறது. வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. போன்ற மின்னணுச் சாதனங்கள் உள்ள வீட்டில் 'ஏ' வகை ஆர்.சி.சி.பி.யைக் கேட்டு வாங்குவது நல்லது. மெஷினை மட்டும், பழுது பார்க்கும்வரை தயவுசெய்து பிளக்கில் செருகாதீர்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகி): புதிதாக ஆர்.சி.சி.பி. வைத்ததிலிருந்து மழை பெய்தாலே அது விழுகிறது. சில நாள் நள்ளிரவில் வீடு முழுவதும் இருட்டாகிவிடுகிறது. எலக்ட்ரீஷியன், இதைக் கழற்றிவிட்டு நேராக இணைத்துவிடலாம் என்கிறார்.

பதில்: வேண்டாம், அம்மா. முன்பு ஃபியூஸ் இருந்த காலத்திலும் இதே கசிவு உங்கள் சுவரில் இருந்திருக்கும். அதைக் கண்டுசொல்ல அப்போது ஆளில்லை. இப்போது ஆள் வந்திருக்கிறது. கழற்றுவதை விடுத்து, கசிவு எங்கே என்று தேடச் சொல்லுங்கள்.

மழையில் மட்டும் விழுவதால் முதலில் வெளிவாசல் விளக்கு, மாடிப்படி விளக்கு, தோட்டத்து சுவிட்ச், கிணற்று மோட்டார் இவற்றைப் பார்க்க வேண்டும். எல்லா எம்.சி.பி.களையும் இறக்கிவிட்டு, ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, ஒவ்வொன்றாக மேலே தள்ளிக்கொண்டே வந்தால், எந்தச் சுற்றில் விழுகிறதோ அங்கே கசிவு இருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டு எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் தொடர்ந்து இணைந்தே இருக்கும். நியூட்ரல் வயர் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், எம்.சி.பி.யை இறக்கினாலும் அந்தத் தொடர்பு விலகாது. அப்போது சாதனங்களின் பிளக்குகளைப் பிடுங்கி, நியூட்ரல் வயர்களையும் தனித்தனியாக விலக்கிச் சோதிக்க வேண்டும். இது பொறுமை வேண்டிய வேலை. அரை நாள் பிடிக்கும்.

கீசரின் உள்ளே உள்ள ஹீட்டர் கம்பியும் முக்கியமான சந்தேகத்துக்குரியது. அதன் உறையில் சிறு வெடிப்பு விழுந்தால் போதும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். நம் ஊர்களில் இதுவே அடிக்கடி காணப்படும் கோளாறு. இன்வெர்ட்டரை இணைக்க வந்தவர்கள், கைக்கு எட்டிய ஏதோ ஒரு சுவிட்ச் போர்டின் நியூட்ரலைப் பயன்படுத்திக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒரு சுற்றின் ஃபேஸ் வழியாகப் போன மின்னோட்டம் வேறொரு சுற்றின் நியூட்ரல் வழியாகத் திரும்பினால், கசிவே இல்லாதபோதும் ஆர்.சி.சி.பி.யின் கணக்கு இடிக்கும். ஃபியூஸ் போர்டில் இது ஒருநாளும் வெளிப்பட்டிருக்காது.

ஒரே ஆர்.சி.சி.பி.யை முழு வீட்டுக்கும் வைத்ததால்தான் நள்ளிரவில் எல்லாமே இருண்டுவிடுகிறது. இரண்டாகப் பிரித்து, விளக்கும் விசிறியும் ஒன்றின் கீழும், கீசர், மோட்டார், வாஷிங் மெஷின் மற்றொன்றின் கீழும் வரும்படி செய்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும்.

கேள்வி (ஈரோடு வாசகர்): எம்.சி.பி. அடிக்கடி விழாமலிருக்க எல்லாவற்றுக்கும் 32 ஆம்பியர் போட்டுவிடலாமா?

பதில்: கூடாது. காரைக்குடி வாசகியின் மூன்று இழைக் கம்பிக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. எம்.சி.பி.யின் அளவைத் தீர்மானிப்பது அதன் பின்னால் ஓடும் வயர். சாதனமோ நம் வசதியோ அல்ல. 1.5 சதுர மி.மீ. வயருள்ள விளக்குச் சுற்றுக்கு 6 அல்லது 10 ஆம்பியர், 2.5 சதுர மி.மீ. வயருள்ள பவர் பிளக்குக்கு 16 அல்லது, வயர் செல்லும் விதத்தைப் பொறுத்து, 20 ஆம்பியர் என்பது பொதுவான வழக்கம். மோட்டாரைப் போடும் கணத்தில் மட்டும் விழுகிறது என்றால் ஆம்பியரைக் கூட்டாதீர்கள், எம்.சி.பி.யின் வகையைக் குறிக்கும் எழுத்தைப் பாருங்கள். பி வகை, குறித்த அளவைப்போல் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்தில் உடனே விழும். சி வகை 5 முதல் 10 மடங்கில் விழும். மோட்டார் புறப்படும்போது சில நொடிகள் பல மடங்கு இழுப்பது இயல்பு என்பதால் அதற்கு சி வகை பொருந்தும்.

கேள்வி (லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து ஒரு வாசகர்): நாங்கள் அண்மையில் வாங்கிய பழைய வீட்டின் மாடிப்படிக்கு அடியில், வெள்ளை, நீலம், சிவப்புப் புள்ளிகள் வைத்த ஃபியூஸ் பெட்டி இருக்கிறது. ஊரில் பார்த்த பீங்கான் கட்டையைப் போலவே இதிலும் கம்பிதான் கட்டியிருக்கிறது. எங்கள் ஆங்கிலேய அண்டைவீட்டார், வேலை செய்தால் விட்டுவிடுங்கள் என்கிறார்.

பதில்: நம் நாட்டுக் கட்டைக்கும் அதற்கும் ஒரே குலம்தான். அந்தப் புள்ளிகள் அளவைக் குறிக்கின்றன: வெள்ளை 5, நீலம் 15, மஞ்சள் 20, சிவப்பு 30, பச்சை 45 ஆம்பியர். நிறம் கட்டையில்தான் இருக்கிறது, கம்பியில் இல்லை. வெள்ளைக் கட்டைக்குள் 30 ஆம்பியர் கம்பியை யார் கட்டியிருந்தாலும் வெளியிலிருந்து தெரியாது.

பிரிட்டனில் ஒரு கூடுதல் காவல் உண்டு. அங்கே பிளக்குகளெல்லாம் 30 ஆம்பியர் ஃபியூஸுள்ள ஒரே வளையச் சுற்றில் அமைந்திருப்பதால், ஒவ்வொரு பிளக்கின் உள்ளேயும் 3 அல்லது 13 ஆம்பியர் சிறு ஃபியூஸ் இருக்கும். ஆனால் அதுவும் வயரைக் காப்பதே. உங்கள் பெட்டியில் கசிவைக் கண்டறியும் கருவி கிடையாது. நாகர்கோவில் வாசகருக்கு எழுதியது உங்களுக்கும் பொருந்தும். ஆகவே அண்டைவீட்டார் சொல்வதை ஏற்காதீர்கள்.

மாற்றும்போது, உலோகம் போன்ற எரியாத பொருளாலான பெட்டியைத்தான் வைப்பார்கள். பிளாஸ்டிக் பெட்டிகளில் தீப்பற்றிய நிகழ்ச்சிகளுக்குப் பிறகு 2016 முதல் அங்கே அது விதியாகிவிட்டது. பெட்டியை மாற்றுவது, கட்டட விதிகளின்படி உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டிய பணி. பதிவு பெற்ற எலக்ட்ரீஷியன் செய்தால் அவரே அறிவித்துச் சான்றிதழும் தருவார். அந்தக் காலத்துக் கட்டைகள் சிலவற்றில், தீப்பொறியைத் தடுக்கக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பட்டை வைத்திருப்பார்கள். அதைச் சுரண்டவோ உடைக்கவோ வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (கோவையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்): பழைய ஃபியூஸில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. விசிறியைக் கழற்ற வேண்டுமானால் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன். இப்போது எம்.சி.பி.யை இறக்கிவிட்டு வேலை செய்யத் தயக்கமாக இருக்கிறது. என் தயக்கம் சரியா?

பதில்: மிகவும் சரி, ஐயா. கட்டையைப் பையில் வைத்துக்கொண்டு கம்பத்தில் ஏறும் லைன்மேன்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். பிடுங்கிய இடம் வெறுமையாகக் கண்முன் தெரியும். வேறு யாரும் மறந்தும் அதை மூட முடியாது, ஏனெனில் கட்டை நம்மிடம் இருக்கிறது. பழைய அமைப்பில் நான் மனமார மதிக்கும் குணம் இது. எம்.சி.பி.யில் அந்தக் கண்கூடான உறுதி இல்லை. உள்ளே தொடுமுனை ஒட்டிக்கொண்டிருந்தாலும், நாம் கூடத்தில் ஏணி மேல் இருக்கும்போது வீட்டில் ஒருவர் "கரண்ட் போயிருக்கிறதே" என்று அதை மேலே தள்ளிவிட்டாலும், நமக்குத் தெரியாது.

ஆகவே எம்.சி.பி.யை மட்டும் நம்பாமல், பெட்டியின் தொடக்கத்தில் உள்ள, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டரை இறக்குங்கள். பெட்டியின் மூடியைச் சாத்தி, 'வேலை நடக்கிறது' என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டிலுள்ளவர்களிடம் வாய்விட்டும் சொல்லுங்கள். மெயினை இறக்கும் முன்பே எரிகிற விளக்கில் டெஸ்டர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இறக்கிய பின் தொடப்போகும் வயரில் அதை வையுங்கள். இன்வெர்ட்டர் இருக்கும் வீட்டில் மெயினை இறக்கினாலும் விசிறிப் புள்ளிக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் என்பதை மறவாதீர்கள். இன்வெர்ட்டரை நிறுத்தி, அதன் வெளியீட்டையும் துண்டித்த பிறகே ஏணியில் ஏற வேண்டும்.

கேள்வி (கும்பகோணம் வாசகர்): மீட்டருக்கு அருகில் உள்ள மின்வாரிய ஃபியூஸ் கட்டைகளையும் எம்.சி.பி.யாக மாற்றிக்கொள்ளலாமா? மேலும், வைத்த எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. ஆகியவற்றைப் பராமரிக்க வேண்டுமா?

பதில்: மீட்டருக்கு முன்னால் உள்ளவை வாரியத்தின் உடைமை. அவற்றைப் பிடுங்குவதும், கம்பி கட்டுவதும், முத்திரையைத் தொடுவதும் வாரிய ஊழியரின் பணி. அது உருகினால் உங்கள் பிரிவு அலுவலகத்தில் புகார் பதிவு செய்யுங்கள். மீட்டருக்குப் பின்னால் உள்ளவை மட்டுமே உங்கள் பொறுப்பு. அதையும் அரசு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரைக் கொண்டு செய்து, செய்த சோதனைகளின் விவரத்தை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு எளிது. ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை மின்சாரம் இருக்கும்போது அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள். எம்.சி.பி.களையும் ஆண்டுக்குச் சில முறை கையால் இறக்கி ஏற்றினால் உள்ளிருக்கும் பொறி இறுகாமல் இருக்கும். தானாக விழுந்த எம்.சி.பி.யை உடனே தள்ளாதீர்கள். பட்டை ஆறச் சில நிமிடம் கொடுத்து, ஏன் விழுந்தது என்று பார்த்துவிட்டு ஒருமுறை ஏற்றுங்கள். மீண்டும் விழுந்தால், வயர்மேன் வரும்வரை அது கீழேயே இருக்கட்டும்.